திண்டிவனத்தில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு

கிறிஸ்தவ வழக்கில் 'அழைப்பு' என்பது, ஒருவர் தமக்கென வகுத்துக்கொண்ட வாழ்க்கைக்குக் குறுக்கே இறைவனிடமிருந்து வருவதாக உணரப்படும் பணி ஏவலைக் குறிக்கும். கத்தோலிக்கர் இதை இறையழைத்தல் என்று வழங்கிப் பெரும்பாலும் குருத்துவத்துக்கும் துறவறத்துக்கும் உரியதாகக் கொள்ள, சீர்திருத்தச் சபைகளோ 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் காட்டிய வழியில் இல்லறத்தாரின் அன்றாடத் தொழிலையும் அதற்குள் அடக்கின. விவிலியத்தில் அழைக்கப்பட்டோர் பலர் உடனே இசைந்தவர்கள் அல்லர்: மோசே தம் திக்குவாயைக் காரணம் காட்டினார், யோனா எதிர்த்திசையில் கப்பலேறினார், சிறுவன் சாமுவேல் இரவில் மூன்று முறை குரல் கேட்டும் அழைத்தவர் யாரென அறியாமல் குரு ஏலியிடம் ஓடினான். திண்டிவனத்திலும், 1890களின் தொடக்கத்தில், ஓர் இரவில் வந்த அழைப்பின் எண்ணிக்கை மூன்றுதான்.

அழைக்கப்பட்டவர் ஐடா ஸ்கடர். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த அவருடைய பாட்டனாரும் தந்தையும் அமெரிக்க மருத்துவ மிஷனரிகள்; குடும்பத்தில் பலர் அதே ஊழியத்தில் இருந்தனர். தாது வருடப் பஞ்சத்தின்போது பசித்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுக்கக் கண்ட சிறுமி, வளர்ந்தபின் இந்த வாழ்க்கையே வேண்டாமென்றிருந்ததில் வியப்பில்லை. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்து 1890இல் திண்டிவனம் வந்ததும் நோயுற்ற தாய்க்கு உதவிவிட்டுத் திரும்பிச் செல்வதற்காகவே.

ஒரு பிராமணரும் ஒரு முஸ்லிமும் மேல்சாதி இந்து ஒருவரும் அன்றிரவு அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் கிடந்த தத்தம் மனைவியரைப் பார்க்கும்படி ஐடாவைக் கேட்டனர். தமக்கு மருத்துவம் தெரியாது, டாக்டரான தந்தை வருவார், தாமும் உடன் வந்து உதவுவதாக அவர் சொன்னபோது, அந்நிய ஆடவரை உள்ளே விடுவதில்லையென்று மூவரும் திரும்பிவிட்டனர். உறங்காமல் கழிந்த இரவின் முடிவில் அவர் காதில் விழுந்தது சாவு மேளம். வேலையாளை அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்திருந்தனர்.

பிற்காலத்தில் அவரே எடுத்துச் சொன்ன இந்நிகழ்வு, பிரசங்க மேடைகளில் ஒரே இரவில் மாறிய மனத்தின் கதையாகிவிட்டது. உண்மையில் அதன் கூர்மை வேறிடத்தில் இருக்கிறது. வந்தவர்கள் கிறிஸ்தவத்தை நாடி வரவில்லை; அழைப்பு கிறிஸ்தவரல்லாதோர் வாயிலாக, அதுவும் ஒரு மறுப்பின் உருவில் வந்தது. பெண்கள் அயலார் கண்ணில் படாமல் வாழும் கோஷா வழக்கத்தைக் கருதி 1885இல் சென்னையில் பெண்களுக்கென மருத்துவமனை தோன்றியிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875 முதலே பெண்கள் படித்தனர். திண்டிவனத்துக் கர்ப்பிணிக்கோ அவை எட்டாத தூரம். ஊர் மருத்துவச்சியின் கைமீறிய பிரசவத்துக்கு அங்கே வேறு கதியில்லை.

மனமுவந்த இசைவு என்பது அன்று காலை பெற்றோரிடம் அவர் தம் முடிவைச் சொன்ன கணத்தைவிட, அதன்பின் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் படித்து 1899இல் பட்டம் பெற்ற ஆண்டுகளில்தான் புலப்படுகிறது. 1900இல் வேலூர் வந்த சில மாதங்களில் தந்தை இறந்துபோக, வழிகாட்ட ஆளில்லாமல், பங்களாவின் சிறு அறையொன்றில் அவர் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். நியூயார்க் வங்கியாளர் ஷெல், மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரில் எழுந்த மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது.

ஒருவர் எத்தனை பிரசவம் பார்க்க முடியும் என்ற கணக்கே அவரைப் பள்ளி தொடங்கத் தூண்டியது எனலாம். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது; எல்.எம்.பி. எனப்படும், பட்டத்துக்குக் கீழ்நிலையிலிருந்த மருத்துவ உரிமச் சான்றுக்குப் படித்த முதல் அணியில் 14 பேர் 1922இல் தேறினர். அதுவே பின்னர் எம்.பி.பி.எஸ். கற்பிக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியானது. ஆண் மருத்துவருக்குத் திறக்காத கதவுகளின் பொருட்டு உண்டான அக்கல்லூரியில் 1947இல் ஆண்களும் மாணவர்களாகச் சேர்ந்தனர். அப்போது ஐடாவுக்கு வயது 76.