அணுக்கழிவை உறிஞ்சும் பீங்கான் மணிகள்: மரவள்ளி மாவுக்கும் ஒரு வேலை

ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து சேகோ ஆலைகளில் ஈர மரவள்ளி மாவைக் குலுக்கிக் குலுக்கியே ஜவ்வரிசியாக உருட்டிவிடுகிறார்கள். அதைவிடப் பொடியாகப் பீங்கான் மணிகளை உருட்டி, அணுக்கழிவை உறிஞ்ச வைக்கும் ஆய்வு உலகில் நடந்துவருகிறது. நம்மூர் மாவுக்கு அதில் வேலை உண்டு.

அணு உலையில் எரிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்தெடுத்த பிறகு, கடும் கதிரியக்கமுள்ள திரவம் மிஞ்சும். அதிலுள்ள சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டின் அரைவாழ்வும் சுமார் 30 ஆண்டு. கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டு ஆகும். தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆலைகளில் இத்திரவத்தைக் கண்ணாடியோடு உருக்கி உறைய வைக்கிறார்கள். ஆனால் உருக்கும் சூட்டில் சீசியத்தில் ஒரு பகுதி ஆவியாகும். அதைப் பிடிக்கத் தனி ஏற்பாடு வேண்டும்.

பீங்கான் மணியின் வழி வேறு. குழாயில் மணிகளை நிரப்பித் திரவத்தை ஊற்றினால், நுண்துளைகளின் உட்சுவர்கள் கதிரியக்கத் தனிமங்களைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சுட்டால் துளைகள் மூடி, உள்ளே போனது உள்ளேயே சிறைப்படும். தூள் என்றால் பறக்கும், அடைக்கும். மணி உருண்டு ஓடும். மனிதர் நெருங்க முடியாத அறையில் இது பெரிய வசதி.

மணி உருட்டும் கலை கல்பாக்கத்துக்குப் புதிதல்ல. 1971-இல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையம் அங்கே எரிபொருளுக்காக ‘சோல்-ஜெல்’ முறையில் நுண்மணிகள் செய்திருக்கிறது. குளிர்ந்த நைட்ரேட் கரைசலில் யூரியாவும் ஹெக்சமினும் சேர்த்து, சூடான எண்ணெயில் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் ஜெல் உருண்டையாக இறுகும். கழுவி, உலர்த்தி, சுட்டால் மணி தயார்.

துளைக்குத்தான் மாவு. பீங்கான் கலவையில் ஸ்டார்ச் சேர்த்துச் சுடும்போது அது எரிந்துபோய், இருந்த இடம் வெற்றிடமாகும். மைக்ரான் அளவிலான அந்தப் பெரிய துளைகள் திரவம் உள்ளே செல்லும் பாதை. உறிஞ்சும் வேலையை ஜெல்லுக்கே உரிய மிக நுண்ணிய துளைகள் செய்யும்.

மரவள்ளி ஸ்டார்ச் நம்மிடம் இருக்கிறது. வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட்டைச் சுட்டு உலைச் செங்கல் செய்த அனுபவமும் சேலத்தில் இருக்கிறது. முதற்கட்டச் சோதனைக்குக் கதிரியக்கமே தேவையில்லை. சாதாரண சீசியம் உப்பும் வேதியியலில் அப்படியேதான் நடந்துகொள்ளும். இறுதியாண்டு புராஜெக்ட் தேடும் சேலம், நாமக்கல் மாணவர்கள் இதைக் கையில் எடுக்கலாம். சேகோ ஆலைக்காரர்கள் ஒரு மூட்டை மாவு தந்து உதவலாம்.