எருமை வேட்டை: துப்பாக்கிக்கு முன்னே வரும் கேள்விகள்

வேட்டை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது கையில் துப்பாக்கியும் தலையில் தொப்பியுமாக நிற்கும் வெள்ளைக்காரத் துரையின் பழைய படம்தான். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று ஆப்பிரிக்காவில் ஓர் எருமையை வேட்டையாட விரும்புபவர் பல மாதங்களுக்கு முன்பே திட்டமிடத் தொடங்க வேண்டும். அத்திட்டத்தில் துப்பாக்கியின் பங்கு சிறிதே. எந்த எருமை, யாருடைய நிலம், பணம் யார் கைக்குப் போகிறது என்பனவே பெரிய கேள்விகள். வேட்டையை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இவற்றை அறிந்து பேசுவது நலம். சிம்பாப்வே நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம்.

இது நம் வயல் எருமை அன்று

கம்பத்து வயல்களில் நாம் காணும் எருமை கயிற்றுக்குக் கட்டுப்படும். ஆப்பிரிக்க எருமையோ மனிதனால் இதுவரை பழக்கப்படாத வேறோர் இனம். நம் வயல் எருமைக்கு 48 குரோமோசோம்கள். ஆப்பிரிக்கப் புல்வெளி எருமைக்கு 52. நம் காடுகளில் வாழும் செலாடாங்கும் இதுவும் ஒன்றல்ல. வளர்ந்த கடா 700 கிலோவையும் தாண்டும். அதன் கொம்புகள் நெற்றியின்மேல் ஒன்றுசேர்ந்து தலைக்கவசம்போல் இறுகியிருக்கும். காயம்பட்டால் புதருக்குள் மறைந்து நின்று, தேடி வருபவரையே தாக்கக்கூடியது. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம் ஆகியவற்றோடு ஐம்பெரும் விலங்குகளுள் ஒன்றாக இதை எண்ணுவதற்குக் காரணம் இந்த ஆபத்துதான்.

இடமும் காலமும்

ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே சட்டம் இல்லை. கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்தது. சிம்பாப்வே, தான்சானியா, சாம்பியா, மொசாம்பிக் போன்ற நாடுகள் அனுமதிக்கின்றன. அங்கும் தேசியப் பூங்காக்களுக்கு வெளியே, வேட்டைக்கென ஒதுக்கிய பகுதிகளில்தான் வேட்டையாடலாம். சிம்பாப்வேயின் வடக்கில் உள்ள சாம்பசி ஆற்றுப் பள்ளத்தாக்கு அத்தகைய பகுதிகளைக் கொண்டது.

மே முதல் அக்டோபர் வரையிலான வறட்சிக் காலமே ஏற்றது. புல் காய்ந்து பார்வைக்கு வழிவிடும். குட்டைகள் வற்றுவதால் விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளைத் தேடி வரும். மலேரியாத் தடுப்பு மருந்து குறித்துப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீல நிற, கறுப்பு நிற ஆடைகளைத் தவிர்க்க வேண்டும். தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈக்களை அந்த நிறங்கள் ஈர்க்கின்றன.

துணையும் கருவியும்

உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரரின் துணையோடுதான் வெளிநாட்டவர் எருமை வேட்டைக்குச் செல்ல முடியும். சிம்பாப்வேயில் அந்த உரிமம் எளிதில் கிடைப்பதில்லை. எழுத்துத் தேர்வு, குறிபார்த்துச் சுடும் தேர்வு, மூத்தவரிடம் நீண்ட பயிற்சி எனப் பல படிகள் உண்டு. எருமையைச் சுடச் சிறிய துப்பாக்கி கூடாது, 9.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அளவுள்ள கனரகத் துப்பாக்கியே வழக்கில் உள்ளது. மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையானது. ஆகவே இங்கிருந்து செல்பவர் வேட்டை நிறுவனத்திடம் வாடகைக்குப் பெறுவதே நடைமுறைக்கு ஒத்தது.

எந்த எருமை?

எத்தனை எருமைகளை வேட்டையாடலாம் என்பது ஒவ்வொரு பகுதிக்கும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படுகிறது. பொறுப்புள்ள வேட்டைக்காரர் தேடுவது மந்தையை விட்டு விலகிய கிழக் கடாக்களை. சேற்றில் புரண்டு கிடப்பதால் இவற்றை 'டாகா பாய்ஸ்' என்பர். 'டாகா' என்பது சேற்றைக் குறிக்கும் தென்னாப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. கொம்பின் அடிப்பகுதி முழுதும் இறுகாமல் மென்மையாக இருந்தால் அது இளங்கடா. அதை விட்டுவிட வேண்டும்.

காலடித் தடத்தைப் பின்பற்றி, காற்றுக்கு எதிர்த்திசையில், பல மணி நேரம் நடக்க வேண்டும். ஏழு முதல் பத்து நாள் அலைந்தும் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். காயப்படுத்திய எருமை தப்பிவிட்டாலும், அதைக் கொன்றதாகவே கணக்கிட்டுக் கட்டணம் வாங்குவது வழக்கம்.

பணம் யாருக்கு?

இதுவே தலையாய கேள்வி. காட்டோரக் கிராமத்தாருக்கு எருமை ஒரு தொல்லை. பயிரை மிதிக்கும், கோமாரி நோயை மாடுகளுக்குப் பரப்பும். அதைக் காப்பாற்ற அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

இதற்கு விடையாகத்தான் சிம்பாப்வே 1989-இல் 'கேம்ப்ஃபயர்' திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. வேட்டை வருமானத்தில் ஒரு பங்கு அந்நிலத்து மக்களுக்கே சேரும். பள்ளி, மருந்தகம், கிணறு எனச் செலவிடப்படும். 2007-இல் திருத்திய வழிகாட்டி முறைப்படி மக்களின் பங்கு 55 விழுக்காடு. வேட்டையாடிய எருமையின் இறைச்சியும் பெரும்பாலும் ஊராருக்கே போகிறது.

ஏட்டில் உள்ளது எல்லா இடத்திலும் நடந்துவிடவில்லை. சில மாவட்ட மன்றங்கள் பெரும்பகுதியைத் தம்மிடமே வைத்துக்கொண்டன என்ற குறை நெடுங்காலமாக உண்டு. பொழுதுபோக்குக்காக ஓர் உயிரைக் கொல்வதே தவறு என்போரின் வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதேவேளை, படம் பிடிக்க வரும் பயணிகள் செட்சி ஈ மொய்க்கும் தொலைதூரப் புதர்க்காடுகளை நாடுவது அரிது. அங்கே வேட்டை வருமானமும் நின்றுவிட்டால் காடு மேய்ச்சல் நிலமாகவோ பருத்தி வயலாகவோ மாறக்கூடும்.

எனவே திட்டமிடுபவர் முன்பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இப்பகுதிக்கு இவ்வாண்டு ஒதுக்கீடு எத்தனை? கடாவின் வயதை யார் முடிவு செய்கிறார்? நான் தரும் தொகையில் கிராமத்துக்கு எவ்வளவு, எப்போது போய்ச் சேரும்? தெளிவான விடை கிடைக்காவிட்டால் அந்தப் பயணத்தை அங்கேயே கைவிடுவது நல்லது. வேட்டைக்கே போக விரும்பாத நாமும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்கலாம். வேட்டை சரியா தவறா என்ற விவாதத்தைத் தொடங்க அவையே பொருத்தமான இடம்.