மடாலயத்தில் ஒரு தயிர் மெஷின்

உஷ்! செருப்பை வெளியே விட்டுவிட்டு, என் பின்னாலேயே வாருங்கள். எல்லாமே வெள்ளை, விரல் பட்டாலும் தெரிந்துவிடும். இடம், கலிஃபோர்னியாவின் ஹிட்டன் ஹில்ஸ். வீட்டுக்காரம்மா அமெரிக்க டிவி நட்சத்திரம் கிம் கர்தாஷியன். 2014-ல் அவரும் அப்போதைய கணவர் கான்யே வெஸ்ட்டும் ஏறக்குறைய 2 கோடி டாலருக்கு வாங்கிய மாளிகை இது. பிறகு பெல்ஜிய வடிவமைப்பாளர் ஆக்ஸெல் வெர்வோர்ட்டைக் கூப்பிட்டு, இருந்ததையெல்லாம் இல்லாமல் ஆக்கினார்கள். எதிர்கால பெல்ஜிய மடாலயம் என்றார் கான்யே.

முன்கட்டு, ஆஹா! ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கக்கூட நமக்குக் கை வராது. குளியலறை வாஷ்பேசினில் குழியே இல்லை. தட்டைக் கல்லில் ஒரு கீற்று, தண்ணீர் அதற்குள் நழுவி மறைகிறது. இது எப்படி வேலை செய்கிறது என்று ஊர் மண்டையைப் பிய்த்துக்கொள்ள, 2019-ல் கிம்மே குழாயைத் திறந்து வீடியோ போட்டுக் காட்டினார்.

வாங்க, சமையலறைக்கு. 2020 ஜனவரியில் அவர் போட்ட ஒரு படத்தில், பின்னால் திறந்திருந்த ஃப்ரிட்ஜில் பால் பாட்டில்களைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் என்னத்தைச் சாப்பிடும் என்று உலகமே பதறியது. ரோஷம் வந்து பின்கட்டைத் திறந்துவிட்டார் கிம். ஐயையோ! கண்ணாடி ஜாடிகள் அணிவகுக்கும் மளிகை அறை. ஐஸ்கிரீம் போல உறைந்த தயிரை ஊற்றும் மெஷின். இன்னும் சில ஃப்ரிட்ஜுகள். கடைசியில், ஆளே உள்ளே நடந்து போகும் அளவுக்கு ஒரு குளிர் அறை! நம் வீட்டில் தோசை மாவுக்கும் தக்காளிக்கும் ஒரே தட்டில் அடிதடி. இங்கே எந்தப் பண்டமும் குறையவில்லை. ஒரு சுவர் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

வெறுமையை விற்கவும் செய்கிறார்கள். 2022-ல் கிம்மின் நிறுவனம் முகத்துக்கு 9 வகைப் பூச்சுகளை இறக்கியது. அதே ஆண்டு, கான்கிரீட்டில் வார்த்த குளியலறைச் சாமான்கள் ஐந்து. அதில் குப்பைத்தொட்டி மட்டும் 129 டாலர். (இரண்டு முறை படித்துப் பார்த்தேன். குப்பைத்தொட்டிதான்.) தன் அலுவலகத்தைச் சுற்றிக் காட்டிய வீடியோவில், மேசைகள் டொனால்டு ஜட் உடையவை என்று பூரித்தார். குறைவே அழகு என்னும் மினிமலிசம் என்றதும் கலை உலகம் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று ஜட். அந்த மேசைகள் வெறும் நகல் என்று சொல்லி 2024 மார்ச்சில் ஜட் அறக்கட்டளை வழக்குப் போட்டது.

வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுத்தரும் ஜப்பானின் மாரி கோண்டோவும் லேசுப்பட்டவர் இல்லை. மனத்துக்கு மகிழ்ச்சி தராததை வீசச் சொன்ன நெட்ஃபிளிக்ஸ் தொடர் 2019 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சொந்தக் கடை. ஒரு ரோஜா நிறப் படிகமும் அதைத் தட்டும் இசைக்கவையும் 75 டாலர். ஆனால் 2023-ல், மூன்றாவது குழந்தைக்குப் பிறகு தன் வீட்டை ஒழுங்குபடுத்துவதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டதாக அவரே சொல்லிவிட்டார். இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் அவர்தான்.