எதைத் தடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?

டீக்கடையில் நின்று "சர்க்கரை கம்மியா ஒரு டீ" என்று சொன்னால் மாஸ்டர் மறுபேச்சில்லாமல் குறைத்துப் போட்டுவிடுவார். அதே கடையில் பஜ்ஜி வாங்கும்போது, வாணலியில் இருப்பது காலையில் ஊற்றிய எண்ணெயா, முந்தாநாள் மிச்சத்தின் மேல் ஊற்றியதா என்று நமக்குத் தெரியாது. சர்க்கரை நம் கையில் இருக்கிறது. எண்ணெய் நம் கையில் இல்லை. நாம் சாப்பிடுவதில் அரசு தலையிடலாமா, கூடாதா என்ற வாதத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

வாதத்தில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. "என் வயிறு, என் காசு, நீ யார் கேட்க?" என்பது ஒரு தரப்பு. "நீ படுத்தால் உன் குடும்பமும் அரசு ஆஸ்பத்திரியும்தானே சுமக்கின்றன?" என்பது மறு தரப்பு. பொதுப்படையாகப் பேசிக்கொண்டே போனால் இது முடியாது. ஒரே நகரத்தில், ஒரே மேயரின் காலத்தில் வந்த இரண்டு தடைகளை எடுத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். நகரம் நியூயார்க். மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க்.

முதல் தடை டிரான்ஸ் கொழுப்பின் மீது. தாவர எண்ணெயில் நிக்கல் வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது பாதி கெட்டியாகும். நம் ஊர் வனஸ்பதி இப்படிப் பிறந்ததுதான். விலை குறைவு, சீக்கிரம் கெடாது, பிஸ்கட்டும் பஃப்ஸும் மொறுமொறுவென்று வரும். ஆனால் முழுதாகக் கெட்டியாக்காமல் பாதியில் நிறுத்தும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. அது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், நல்ல கொலஸ்ட்ராலை இறக்கும். இதனால் உலகெங்கும் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் அதிகமானோர் இதய நோயில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2018இல் மதிப்பிட்டது.

நியூயார்க் நகரம் எடுத்த எடுப்பில் தடை போடவில்லை. 2005இல் உணவகங்களுக்கு விளக்கம் சொல்லி, தாங்களாகவே விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டது. ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தால், முன்பு போலவே சுமார் பாதி உணவகங்களில் அது இருந்தது. அதன் பிறகே, 2006 டிசம்பரில், நகர சுகாதார வாரியம் தடை விதித்தது. கடைக்காரர்கள் எண்ணெயை மாற்றினார்கள். உருளைக்கிழங்கு வறுவல் கிடைத்தது, டோநட் கிடைத்தது. சாப்பிட வந்தவர் இழந்தது எதுவுமில்லை. "எனக்கு டிரான்ஸ் கொழுப்பு உள்ள வறுவல்தான் வேண்டும்" என்று யாரும் கேட்டு வாங்கியதில்லை. அது அவருக்குத் தெரியாமல் தட்டுக்கு வந்தது. இந்த வழியில் முன்னே நடந்த நாடு டென்மார்க்: 2003லேயே கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டிவிட்டது.

இரண்டாவது தடை 2012இல் வந்தது. உணவகங்களிலும் திரையரங்குகளிலும் சர்க்கரை சேர்த்த குளிர்பானத்தை 16 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 470 மில்லிலிட்டருக்கு, மேற்பட்ட கோப்பையில் விற்கக் கூடாது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் குடிப்பவருக்கு அதில் சர்க்கரை இருப்பது தெரியும், தெரிந்தே கேட்கிறார். இரண்டு கோப்பையாக வாங்கினால் தடையில்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் விதிக்குள் வரவே இல்லை. அமலுக்கு வருவதற்கு முதல் நாள், 2013 மார்ச்சில், நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2014இல் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. இப்படிப்பட்ட முடிவை எடுக்க வேண்டியவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள். சுகாதார வாரியம் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்றது தீர்ப்பு.

அப்படியானால் சர்க்கரையைக் கண்டுகொள்ளாமல் விடுவதா? வேண்டியதில்லை. பிரிட்டன் 2018 ஏப்ரலில் குளிர்பானங்களுக்கு ஒரு வரி கொண்டுவந்தது. 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 5 கிராமைத் தொட்டால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமைத் தொட்டால் 24 பென்ஸ் என்பது அன்றைய விகிதம். அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே இரண்டாண்டு அவகாசம் இருந்ததால், பல நிறுவனங்கள் வரிக்குத் தப்பச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. யார் கையிலிருந்தும் கோப்பையைப் பிடுங்கவில்லை. சிலி நாடு 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை குத்தச் சொல்கிறது. தெரிந்து தேர்ந்தெடுப்பதுதான் உரிமை. அதற்கு முதலில் தெரிய வேண்டுமே.

நடுவே இருக்கும் சங்கடமான இடம் புகையிலை. கேடு எல்லாருக்கும் தெரியும். ஆனால் பஸ் நிலையத்தில் பக்கத்தில் நிற்கும் கர்ப்பிணிப் பெண் அந்தப் புகையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால்தான் 2008 அக்டோபர் 2 முதல் இந்தியாவில் பொது இடத்தில் புகைக்கத் தடை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு விற்கவும் தடை. விளைவை எடை போடும் பக்குவம் வருமுன் பழக்கம் பிடித்துக்கொள்ளும். இவ்விரண்டும் சரியான தடைகள். அதே சமயம், பழகிய நாக்கு இருக்கும்வரை முழுத்தடை மட்டும் போதாது என்பதற்குக் குட்காவே சாட்சி. தமிழ்நாட்டில் 2013இலேயே தடை வந்துவிட்டது. பறிமுதல் செய்திகள் இன்னும் ஓயவில்லை. விடுபட நினைப்பவருக்கு மருத்துவ உதவியும் ஆலோசனையும் கிடைக்காத ஊரில், தடை சரக்கை மறைவுக்குத் தள்ளி விலையைத்தான் ஏற்றும்.

ஆக, எந்தத் தடை அறிவிப்பு வந்தாலும் நான் இரண்டு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். கேடு யாருக்கு வருகிறதோ அவருக்கு அது தெரியுமா? தெரிந்தால், அவரால் விலகிக்கொள்ள முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் அரசு குறுக்கே நிற்கலாம், நிற்க வேண்டும். இரண்டுக்கும் "ஆம்" என்றால் எச்சரிக்கட்டும், வரி போடட்டும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கட்டும். அதற்கு மேல் முடிவு சாப்பிடுபவருடையது.

இந்த அளவுகோலில் நம் நாட்டின் சில விதிகள் நன்றாகவே தேறுகின்றன. டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீத வரம்பு இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில், அது சிதைவதால் உருவாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. துணிக்குப் போடும் ரோடமைன் பி சாயம் பஞ்சுமிட்டாயில் இருப்பது ஆய்வகத்தில் உறுதியானதும், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது. பளிச்சென்ற இளஞ்சிவப்பைப் பார்த்துக் கை நீட்டும் குழந்தைக்கு அது துணிச்சாயம் என்று தெரிய வழியே இல்லை.

விதி எழுதுவதில் நாம் பின்தங்கிவிடவில்லை. அளந்து பார்ப்பதில்தான் பின்தங்கியிருக்கிறோம். கண்ணால் பார்த்து டிரான்ஸ் கொழுப்பையோ சாயத்தையோ யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. அதற்கு மாதிரி எடுக்கும் அலுவலரும், சோதிக்கும் ஆய்வகமும், முடிவை ஊரறியச் சொல்லும் நேர்மையும் வேண்டும். புதிய தடைகளை அறிவிப்பதற்கு முன், இருக்கிற விதிகளுக்கு ஆளும் கருவியும் கொடுக்கட்டும் அரசு. அதைக் கேட்டு வாங்க வேண்டியது, காசு கொடுத்துச் சாப்பிடும் நாம்தான்.