அப்பாவின் பெயர் பிச்சை

கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். பள்ளியில் ஆசிரியர் என் முழுப்பெயரை வாசித்தாலே பயம். 'அனாக் பெரெம்புவான்' என்பதற்குப் பின் 'பிச்சை' என்று வரும். வகுப்பே சிரிக்கும்.

அண்மையில் வெளிநாட்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்திற்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். 'குடும்பப் பெயர்' கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை. நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயர் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும், பேரப்பிள்ளைக்குப் போகாது. வேறு வழியின்றி 'பிச்சை' என்று தட்டினேன். உடனே கூகுள் தலைவர் நினைவுக்கு வந்தார்.

1972இல் மதுரையில் பிறந்த அவரின் இயற்பெயர் சுந்தரராஜன். தந்தை ரெகுநாத பிச்சை. தமிழ்நாட்டு வழக்கப்படி தந்தை பெயர் முன்னே நின்றால் பிச்சை சுந்தரராஜன்; அமெரிக்க வழக்கப்படி பின்னே போனதால் சுந்தர் பிச்சை. 2015இல் அவர் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரியானார். இன்று 'பிச்சை' என்றாலே யாரென்று உலகத்துக்குத் தெரியும்.

வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் கதை வேறு. 1983இல் நோபல் பரிசு பெற்ற அவருக்கு, தந்தை பெயர் முதற்பெயராகி, சொந்தப் பெயரே குடும்பப் பெயரானது.

சரி, பிச்சை என்று ஏன் பெயர் வைக்கிறார்கள்? பாட்டியிடம் கேட்டேன். "உங்கப்பனுக்கு முன்னால ரெண்டு பிள்ளை தங்கல, ஆயா. இவன் பொறந்ததும் முறத்துல போட்டு அடுத்த லயத்துக்காரிகிட்ட குடுத்துட்டேன். அப்புறம் அவகிட்டயே கையேந்தி வாங்கிக்கிட்டேன்" என்றார். கேட்டு வாங்கிய பிள்ளையைச் சாவு சீண்டாது என்பது நம்பிக்கை. குப்பையில் கிடத்தி எடுத்த பிள்ளைக்குக் குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயரிட்டதும் இதே காரணத்தால்தான். பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பறிகொடுத்த தாய்மார்களின் அச்சம் அந்தப் பெயர்களில் இருக்கிறது.

இத்தனை நாள் நான் வெட்கப்பட்டது, அப்பா உயிரோடிருக்கப் பாட்டி கையேந்திய கதைக்கு!

நண்பர்களே, விண்ணப்பப் படிவங்களில் உங்கள் பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே எழுதுங்கள். சந்தேகமிருந்தால் அனுப்பும் முன் கேட்டுத் தெளியுங்கள். அதற்கும் முன், வீட்டுப் பெரியவர்களிடம் உங்கள் தாத்தா பாட்டியின் பெயர்க் கதையைக் கேளுங்கள். பிறப்புப் பத்திரத்தில் பெயர் மட்டுமே இருக்கும். கதை அவர்களிடம்தான் இருக்கிறது.