லிமிட்டரைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள்

ஆடி பிறந்தால் காஞ்சிபுரம் வட்டாரத்தில் புதிய அம்மன் பாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் கேசட் போட நினைத்தவர்கள் சென்னைக்கு வண்டியேறி, ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டிப் பாட வேண்டியிருந்தது. இன்று காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் ஒரு பத்துக்குப் பத்து அறையும் லேப்டாப்பும் சுமாரான மைக் ஒன்றும் இருந்தால் போதும். தறிச் சத்தமும் லாரிச் சத்தமும் ஓய்ந்த பிறகு, இரவில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் பதிந்துவிடலாம். குரல், மிருதங்கம், கீபோர்டு, கோரஸ் என்று தனித்தனியாகப் பதிந்த ட்ராக்குகளை அளவு பார்த்து ஒரே ஸ்டீரியோ ஒலியாகச் சேர்ப்பது மிக்ஸிங். சேர்ந்த அந்த ஒலியை இன்னொருவர் புதுக் காதோடு கேட்டு, கனத்த ஒலிக்கும் கூரிய ஒலிக்குமான சமநிலையையும் மொத்தச் சத்தத்தையும் சீராக்கி வெளியீட்டுக்குத் தயார் செய்வது மாஸ்டரிங். வீட்டுப் பதிவுகள் பலவும் கெட்டுப்போவது இந்த இரண்டுக்கும் நடுவே கைமாறும் இடத்தில்தான். மைக் மலிவு என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: திரும்ப எடுக்க முடியாத ஒரு வேலையை மிக்ஸ் செய்பவரே முந்திக்கொண்டு செய்துவிடுகிறார்.

அந்த வேலை லிமிட்டிங். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு; மீட்டரில் அதன் பெயர் சுழியம் டெசிபல். அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது. மிருதங்கத்தின் ஓர் அடி அந்தக் கூரையைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். மூல ஒலியில் இல்லாத புதிய மேற்சுரங்கள் அங்கே முளைக்கும். காதுக்கு அது கரகரப்பு. லிமிட்டர் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் செய்கிறது: உச்சிகளை அமுக்கிவிட்டு, மொத்த ஒலியையும் மேலே தூக்குகிறது. பாட்டு சட்டென்று கணீரென்று ஆகிவிடும். ஆனால் அமுங்கிய உச்சிகள் முதலில் எவ்வளவு உயரம் இருந்தன என்ற தகவல் அந்தக் கோப்பில் இல்லை. பட்டு நெய்யும் ஊரில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. கச்சாப் பட்டைக் கொதிக்கவைத்துப் பசை நீக்கி வெள்ளையாக வைத்திருக்கும்வரை எந்தச் சாயமும் ஏற்றலாம். அரக்குச் சிவப்பு ஏறிய பட்டை எலுமிச்சை மஞ்சளாக்கித் தரச் சொன்னால் சாயக்காரர் சிரிப்பார். 2008-ல் வெளிவந்த மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பத்தில் நடந்ததும் இதுதான். ஒலி நசுங்கிக் கரகரக்கிறது என்று ரசிகர்களே கொதித்தார்கள். அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் நசுங்காமல் ஒலித்ததால் வித்தியாசம் எல்லோருக்கும் பட்டவர்த்தனமாகக் கேட்டது. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் அப்படித்தான் வந்தது என்றார். உலகின் விலையுயர்ந்த கருவிகளும் கைதேர்ந்த பொறியாளரும் இருந்தும் மீட்க முடியாத பிழை அது.

நம் இசைக்கு இதில் நட்டம் இன்னும் அதிகம். தோலை அடித்தால் பொதுவாக ஒழுங்கற்ற மேற்சுரங்களே எழும். மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் இருக்கும் கரணை அவற்றை அடிப்படைச் சுரத்தின் முழு எண் மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்பதை சி.வி. ராமன் சக ஆய்வாளருடன் சேர்ந்து 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். ஆனால் 'நம்' எது, 'தின்' எது, சாப்பு எது என்று காது பிரித்தறிவதில் அடி விழுந்த முதல் சில மில்லிவிநாடிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மீட்டரில் ஊசியாக எழும் அந்தக் கணத்தைத்தான் லிமிட்டர் முதலில் அமுக்கும். கிட்டார் இரைச்சலில் ஓரளவு மறைந்துபோகும் சேதம், ஒரு குரலும் ஒரு மிருதங்கமும் மட்டுமுள்ள பாட்டில் மறைவதில்லை. எல்லா அடியும் ஒரே மாதிரி 'தொப் தொப்' என்று கேட்கும்.

சரி, கூரைக்குக் கீழே எவ்வளவு இடம் விடுவது? 'மைனஸ் 6 டெசிபல்' என்று எல்லோரும் மந்திரம்போல் சொல்கிறார்கள். அதில் மந்திரம் எதுவும் இல்லை, கணக்குதான் இருக்கிறது. டிஜிட்டல் பதிவில் ஒரு பிட்டின் மதிப்பு ஏறத்தாழ 6 டெசிபல். 16 பிட்டில் 96 டெசிபல் வீச்சு. 24 பிட்டில் 144. 24 பிட் கோப்பில் 6 டெசிபல் இடம் விட்டால் இழப்பது ஒரே ஒரு பிட். மிச்சமுள்ள 138 டெசிபல், மின்விசிறியை நிறுத்திய அறையின் அமைதியைக்கூட விழுங்கிவிடும். டேப்பில் பதிந்த நாளில் நாடாவின் இரைச்சலை வெல்வதற்காக ஒலியைத் தூக்கிப் பதிய வேண்டியிருந்தது. நாடா போய்விட்டது, பழக்கம் போகவில்லை. உச்சி மைனஸ் 3-ல் இருந்தாலும் 8-ல் இருந்தாலும் பொறியாளருக்கு ஒன்றுதான். கூரையில் முட்டாமல் இருந்தால் சரி. லிமிட்டரில் நசுக்கிய மிக்ஸை 6 டெசிபல் இறக்கி அனுப்பி, இடம் விட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

இதற்கு முதல் ஆட்சேபம் சத்தத்தைப் பற்றியது. அடுத்தவர் பாட்டு அதிருகிறது, நம் பாட்டு மட்டும் சன்னமாகக் கேட்டால் யார் கேட்பார்கள்? பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் இது நியாயமான பயம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் ஒலியின் உரப்பைக் காது உணரும் விதத்தில் அளக்க ஒரு முறையை வகுத்தது. ஸ்ட்ரீமிங் தளங்கள் பின்னர் அதைப் பற்றிக்கொண்டன. ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் அந்த அளவில் மைனஸ் 14-க்குக் கொண்டுவருகிறது. மைனஸ் 8 அளவுக்கு நசுக்கிய பாட்டு அங்கே 6 டெசிபல் இறக்கப்படும். அதாவது சத்தம் பறிபோகும், நசுங்கல் மட்டும் மிஞ்சும். கோயில் கூம்பு ஒலிபெருக்கிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பது உண்மைதான். அதற்கென்று தனியாக ஒரு மாஸ்டர் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது ஆட்சேபம், உரத்த இடங்களை அடக்கி ஒலியை இறுக்கும் கம்ப்ரஸரைப் பற்றியது; அதில் நியாயம் கூடுதல்: 'மொத்த மிக்ஸின் மேல் போட்ட கம்ப்ரஸர்தான் என் பாட்டின் முகம். அதையும் எடுத்துவிட்டால் பாட்டே வேறு.' எடுக்க வேண்டாம். முதல் நாளிலிருந்து அதன் வழியாகக் கேட்டே குரலையும் தாளத்தையும் அளந்திருந்தால், அது மிக்ஸின் பகுதி. கடைசி நாளில் சத்தத்துக்காக மட்டும் ஏற்றியதைக் கழற்றினால் போதும். சத்தமாக்கிய வடிவத்தையும் மாதிரிக்காக உடன் அனுப்பினால், பாட்டுக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்பது பொறியாளருக்குப் புரியும்.

அறை ஒரு தனிச் சங்கடம். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஒலியின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை உருவாகும். கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் நடமாடும் இடம் அது. சதுர அறையில் நீளமும் அகலமும் ஒன்று என்பதால் இரண்டு நிலையலைகள் ஒரே இடத்தில் விழும். அறையின் நட்டநடுவில் அந்த ஒலி ஏறக்குறைய காணாமல் போகும், சுவரோரம் குமுறும். நடுவில் நாற்காலி போட்டு மிக்ஸ் செய்பவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். அதே பாட்டு காரில் கதவையே உலுக்கும். மாஸ்டரிங்கில் அந்த அதிர்வெண்ணைக் குறைக்கலாம், ஆனால் டிரம்மையும் பேஸையும் சேர்த்தேதான் குறைக்க முடியும். ஹெட்போனுக்குச் சுவர் இல்லை. நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை அதில் மாற்றி மாற்றி ஒப்பிட்டால் இந்தக் குழி பிடிபட்டுவிடும்.

மற்றவை சில்லறை வேலைகள். மின்விசிறி இரைச்சலைக் குரல் ட்ராக்கிலேயே நீக்க வேண்டும்; கலந்த பிறகு நீக்கினால் தம்புராவும் சேர்ந்து தேயும். பாட்டின் தலையையும் வாலையும் ஒட்ட வெட்டாமல் ஓரிரு விநாடி விட்டுவைப்பது நல்லது, ரிவர்ப் முழுதாக அடங்கட்டும். அனுப்புவது பதிந்த அதே சாம்பிள் விகிதத்தில் 24 பிட் வேவ் கோப்பாக இருக்கட்டும். நண்பர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பதற்காகச் செய்த எம்.பி.3-ஐ அனுப்பக் கூடாது.

நிமிடங்களில் மாஸ்டர் செய்துதரும் மென்பொருள் இருக்கும்போது பொறியாளர் எதற்கு என்று கேட்கலாம். காசு இல்லாதபோது அது கைகொடுக்கும். நசுங்கிய உச்சியை அதுவும் பழையபடி மீட்டுத் தராது. 'சரணத்தில் குரல் அமுங்கியிருக்கிறது, மிக்ஸைத் திருத்தி அனுப்புங்கள்' என்று திருப்பிவிடும் ஆள்தான் மாஸ்டரிங்கின் பாதி மதிப்பு. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் தொடங்கிய பஞ்சதன் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோதான், அங்கும் ஹெச். ஸ்ரீதர் போன்ற பொறியாளரின் காது தேவைப்பட்டது. பாடகி பில்லி ஐலிஷ் தன் அண்ணனோடு பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் பதிந்து, 2020-ல் கிராமி வென்ற ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் ராப் கினெல்ஸ்கி, மாஸ்டர் செய்தவர் ஜான் கிரீன்ஹாம்.

மாஸ்டர் திரும்பி வந்ததும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. சத்தம் கூடும்போது கனத்த ஒலியும் கூரிய ஒலியும் காதுக்கு நிறைவாகக் கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-ல் அளந்து காட்டினார்கள். அதனால் சத்தமான மாஸ்டர், தரம் எப்படியிருந்தாலும், கேட்டவுடன் பிடித்துவிடும். குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்வரை மாஸ்டரை இறக்கி, பிறகு மிக்ஸோடு ஒப்பிட வேண்டும். அப்போதும் பழைய மிக்ஸே மேல் என்று பட்டால் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். பொறியாளரிடம் இருப்பது அமுங்காத கோப்பு என்பதால், அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க முடியும்.