மேல்மாடி வீட்டின் மின் கணக்கு

பெங்களூரில் ஏழைகளுக்குக் கட்டித் தரும் அடுக்குமாடிகளில் கடைசி மாடியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. "ராத்திரி பத்து மணிக்கும் மேலேர்ந்து அனல் இறங்குது தம்பி. ஃபேனைப் போட்டா அந்த அனலைத்தான் சுத்தி விடுது" என்றார் அப்படியொரு வீட்டில் இருக்கும் அம்மா. கட்டுமானப் பொறியாளனான என்னாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. ஐந்து அங்குல கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் வீட்டுக்குள் இறக்குகிறது.

வெப்பத்தைக் குறைக்க வழி சொன்னால், "இந்த ஊர் கிளைமேட்டுக்கு இதெல்லாம் எதுக்கு சார்?" என்று காண்ட்ராக்டர்கள் கேட்பார்கள். 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி, 2024 ஏப்ரலில் 38.5. ஊர் மாறிவிட்டது, பிளான்தான் மாறவில்லை.

முதல் வேலை மொட்டை மாடியில். வெள்ளைப் பூச்சு அடித்தாலோ உடைந்த வெள்ளை ஓடுகளைப் பதித்தாலோ வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தளம் போடும்போதே யோசித்தால் இன்னும் நல்லது. தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். கான்கிரீட்டுக்கு அங்கே அதிக வேலையில்லை. அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை வைத்து வார்ப்பதைக் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கினார். சிமெண்ட் மிச்சமாகும், சூடும் குறையும்.

அடுத்தது சுவர். ஒரு வீடு மின்சாரத்தைத் தொடுவதற்கு முன்பே செங்கல் சூளையில் ஏகப்பட்ட விறகையும் நிலக்கரியையும் எரித்திருக்கும். இதற்கு மாற்று இந்த ஊரிலேயே பிறந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் அமுல்யா ரெட்டி தொடங்கிய 'ஆஸ்ட்ரா' அமைப்பில், மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து, கை மெஷினில் அழுத்தி பிளாக் செய்யும் முறையை வளர்த்தெடுத்தார்கள். இதற்குச் சூளை வேண்டாம். தண்ணீர் விட்டு மூன்று, நான்கு வாரம் பதப்படுத்தினால் போதும். ஆறு சதவீத சிமெண்ட் கலந்த பிளாக்குக்கு, சுட்ட செங்கல்லுக்கு ஆகும் ஆற்றலில் கால் பங்கே செலவாகிறது என்று ஆய்வாளர்கள் வெங்கடராம ரெட்டியும் ஜெகதீஷும் 2003இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இரண்டு, மூன்று மாடி வரை இந்தச் சுவரே பாரம் தாங்கும். அதற்கு மேல் போனால் தூணும் பீமும் எழுப்பி, இடையில் இதை அடைக்கலாம்.

ஜன்னலில்தான் ஏமாற்று வேலை அதிகம். குடியிருப்புகளின் ஆற்றல் சிக்கனத்துக்காக 2018இல் வந்த 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதிப்படி பெங்களூர் போன்ற மிதவெப்ப ஊரில், திறக்கக்கூடிய பரப்பு வீட்டின் உள்பரப்பில் எட்டில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 30 சதுர மீட்டர் வீட்டுக்கு ஏறக்குறைய 40 சதுர அடி. ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும்; காகிதத்தில் முழுசையும் காட்டிவிடுவார்கள். உள்ளே வந்த காற்றுக்கு வெளியேற வழியும் வேண்டும். ராஜ்கோட்டில் 1,176 வீடுகள் கொண்ட 'ஸ்மார்ட் கர் 3' திட்டத்தில், பைப்புகள் இறங்கும் பொது டக்ட்டையே வீடுகளின் காற்றை மேலே இழுக்கும் வழியாக வடிவமைத்தார்கள்.

பெங்களூரில் மின்சாரம் இன்னோர் இடத்திலும் போகிறது: காலை வெந்நீர். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதே யூனிட்டில் குறைந்த மின்சாரம் இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் முப்பது மணி நேரத்துக்கு மேல் சுற்றும். சோலார் ஹீட்டர் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் அடுக்குமாடியில் டேங்க் மேலே, குளியலறை நாலு மாடி கீழே. வெந்நீர் வந்து சேர்வதற்குள் ஒரு வாளித் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். குளியலறைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்து, பைப்புக்கு வெப்பக் காப்பு உறை போட்டால் இந்த விரயத்தைக் குறைக்கலாம். வீடு கட்டிய பிறகு குளியலறையை நகர்த்த யாராலும் முடியாது.

கர்நாடக அரசின் 'கிருஹ ஜோதி' திட்டத்தில் மாதம் 200 யூனிட் இலவசம்தானே, சிக்கனம் எதற்கு என்று கேட்கலாம். எல்லாருக்கும் 200 கிடைப்பதில்லை. திட்டத்துக்கு முந்தைய ஆண்டின் மாதச் சராசரியும் அதற்கு மேல் சிறிதளவும்தான் ஒரு வீட்டின் இலவச அளவு. அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்குக் காசு. 200ஐத் தாண்டினால் பில் முழுவதும் கட்ட வேண்டும். அனலடிக்கும் வீடு கோடையில் அந்த வரம்பைத் தாண்டவைக்கும்.

கட்டுபவர் வேறு, பில் கட்டுபவர் வேறு. அதனால் கூரைப் பூச்சு, ஜன்னல் திறக்கும் பரப்பு, டக்ட், பைப் உறை எல்லாம் டெண்டரில் அளவோடும் விலையோடும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். 'ஆற்றல் சிக்கனக் கட்டடம்' என்று ஒற்றை வரியில் எழுதினால், நாலு எல்.இ.டி. பல்பு மாட்டிக் கணக்கை முடித்துவிடுவார்கள்.